இரண்டாம் தரம் கேட்பார்கள்

ஒரு கோப்பி, அவ்வளவுதானே, முப்பத்து நாலு வயதுக்காரிக்கு ஒரு கோப்பி கேட்கத் தெரியாதா... துஷ்யந்தி புத்தகத்தை மூடினாள், திரும்பத் திறந்தாள், கோஹீ ஓ ஒனெகாய்ஷிமாசு, தயவுசெய்து ஒரு கோப்பி தாருங்கள், வாய்க்குள் சொன்னால் தண்ணீராக ஓடுகிறது, ஜப்பான் பாஷை படிப்பிக்கும் நோபேட் சேர் முன்னால் வந்து நின்றால்தான் அந்தச் சனியன் எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது. வெள்ளவத்தையின் இந்த மாடி வகுப்பில் ஃபேன் சுற்றுகிறது, காற்றைத்தான் காணோம், கீழே காலி வீதியில் கோட்டை பஸ்காரன் சிங்களத்தில் கொட்டுவ, கொட்டுவ என்று ஆள் கேட்டுக் கத்துகிறான், அவனுக்கென்ன, கேட்க வேண்டியதைத் தொண்டை கிழியக் கேட்கிறான். திங்கட்கிழமை ஜப்பான்காரர் வீடியோவில் நேர்முகம் வைக்கிறார்கள், வயோதிபர் இல்லத்து வேலை, அதில் கடையில் குடிக்கக் கேட்கும் இந்தப் பாடம் கட்டாயம் வருமாம், தவறினால் அடுத்த வருடம்தான், அதற்குள் முப்பத்தைந்து ஆகிவிடும், முப்பத்தைந்து ஆனவர்களை எடுக்கமாட்டார்களாம், பிறகென்ன, ஆயுள் முழுக்கக் கொள்ளுப்பிட்டி ஒபீசில் ஃபைல் அடுக்க வேண்டியதுதான்.

"துஷ்யந்தி, வாங்கோ. நீங்க கஸ்டமர், நான் வெயிட்டர்." சேர் குனிந்து வணங்கி, குடிக்க என்ன வேண்டும் என்று ஜப்பான் பாஷையில் கேட்டார், இவள் உடம்பெல்லாம் நெளிந்து, சிரித்து, "கெக்கோ தெசு" என்றாள்... வேண்டாம், பரவாயில்லை! வகுப்பே கொல்லென்று சிரித்தது. "பிள்ளை, கடைக்குள்ள வந்திருந்துகொண்டு ஒண்டும் வேண்டாமெண்டா எதுக்கு வந்தனீங்க?" என்றார் சேர். பக்கத்துக் கதிரை றுஷ்னா காதுக்குள், "அக்கா, தண்ணியாவது கேளுங்களேன்" என்றாள். இது நாலாம் தரம். வேண்டாம் என்ற ஒன்றை மட்டும் எந்தப் பாஷையிலும் உடனே படித்துவிடுகிறேனே, எல்லாம் இந்த அம்மாவால், யார் வீட்டுக்குப் போனாலும் படியேற முன்னமே தொடங்கிவிடுவா, குடிக்க என்ன எண்டு கேட்டா வேண்டாம் எண்டு சொல்லோணும், உடன ஓம் எண்டா வீட்டில பட்டினி எண்டு நினைப்பினம்... வேண்டாம், இப்பதான் குடிச்சனான், அவர்களும் சும்மா சொல்லாதையுங்கோ என்று இரண்டாம் தரம் கேட்பார்கள், அதற்கு ஒரு சின்னச் சிரிப்பு, உடனே தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வரும். பாமன்கடை மாமி வீட்டில் ஒருநாளும் பிசகியதில்லை, மரியாதையான பிள்ளை என்று பெயர், அந்தப் பெயரை வைத்து இப்போது என்ன செய்ய, ஜப்பானில் வேண்டாமென்றால் வேண்டாம்தானாம், திரும்பக் கேட்கமாட்டார்களாம்.

ஜப்பானில் மட்டுமா? கிருபாகரனும் திரும்பக் கேட்கவில்லையே. ஒபீசில் மூன்று வருடம் பக்கத்து மேசை, கனடா விசா வந்த அன்று ரயில் பாதையோரம் கடலைப் பார்த்து நடக்கும்போது, "கலியாணத்தை முடிச்சுக்கொண்டு நீரும் வாறீரா?" என்றான், கேட்டானே, வாய் திறந்து கேட்டானே, இவள், "சீச்சீ, எனக்கு இப்ப என்னத்துக்கு, நீங்க முதல்ல போங்கோ" என்றாள். சொல்லிவிட்டு மெல்ல நடந்தாள், பம்பலப்பிட்டி ஸ்டேஷன் வரைக்கும் மெல்லத்தான் நடந்தாள், சும்மா சொல்லாதையும் என்பான் என்று... விசரன், அப்படியே நம்பிவிட்டான். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள், படம் போடுகிறான். நம்பினவன் விசரனா, சொன்னவள் விசரியா? ஆறு வருடமாக அவனைத்தானே திட்டுகிறேன், இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாகத்தான் வருகிறது.

இடைவேளை விட்டார்கள். சேர் பேர்ஸை எடுத்துக்கொண்டு அவள் மேசையருகே நின்றார், இந்த முறை தமிழில்தான், பாடமில்லை, "கீழ கடைக்குப் போறன், உங்களுக்கும் ஒரு பிளேன்டீ சொல்லட்டா?" காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லை, கத்திக் கத்தித் தொண்டை காய்ந்து கிடக்கிறது. "வேண்டாம் சேர், இப்பதான் குடிச்சனான்."

"சரி" என்று படியிறங்கிவிட்டார். செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது, நடுவில் நின்றது, துஷ்யந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள், கீழே சேர், "ஹலோ, ஓம், சொல்லுங்கோ" என்று ஃபோனில் கதைத்தபடி இறங்கிப் போனார். இவள் முகத்தில் அந்தச் சின்னச் சிரிப்பு தயாராக இருந்தது, அது எப்போது அங்கே வந்து உட்கார்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.