கூறப்படுகிறது

இனி உன்னால் ஒரு வரிகூட எழுத முடியாது.

இறந்தவரின் வலது கையில் வெள்ளைக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தபோது ரெஜிலாவின் மனதில் ஓடியது இதுதான். அவள் உதடு அசைவதைப் பார்த்து, ஜெபம் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் விசும்பினார்கள். கல்யாணமான நாள் முதல் ஞானசிங்கை அவள் "நீங்க" என்றுதான் அழைத்திருக்கிறாள். மனதுக்குள் "நீ" என்று சொல்வது இவ்வளவு எளிதாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். நீ. கட்டைவிரல் மட்டும் உள்ளே போகாமல் முரண்டு பிடித்தது. விடியற்காலையில் பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் அஞ்சு குனிந்து அந்த விரலைப் பக்குவமாக நுழைத்துவிட்டு, அப்பாவின் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ரெஜிலா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மகள் அழுவது மட்டும்தான் அவளுக்குத் துக்கமாக இருந்தது.

முந்தைய நாள் மண்டைக்காடு பக்கம் ஒரு மைதானத்தில், இளைஞர் எழுச்சி மன்றத்தின் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தோடு சரி. மன்றத்தைத் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். எழுபதை நெருங்கும் இளைஞர் தலைவர் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் எதிரில் யாரும் சிரித்ததில்லை. 'முனைக்குரல்' அவருடையது. தக்கலையில் அச்சாகி, தினமும் மாலையில் பஸ் ஏறிப் போகும் ஆறு பக்கப் பத்திரிகை. அதில் யார் பெயர் எப்படி வரும் என்பது அவருடைய அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

ஜன்னலுக்கு வெளியே பந்தலில் நாற்காலிகள் நிறைந்துகொண்டிருந்தன.

"இனி மன்றத்துக்கு யாருலே தலைவரு?"

"எபிசன்தான். அவனும் இளைஞன்தான், பேரப்பிள்ளை ஒண்ணுதான ஆயிருக்கு."

யாரோ மூக்கால் சிரித்து, இடம் நினைவுக்கு வந்து இருமினார்கள்.

அந்த எபிசன்தான் சற்று நேரத்தில் உள்ளே வந்தான். மன்றத்தின் செயலாளர், பத்திரிகையில் ஞானசிங்குக்கு அடுத்த ஆள். அவரை அண்ணன் என்று அழைத்ததால் ரெஜிலா அவனுக்கு மைனி. கண்கள் சிவந்திருந்தன. நிஜமாகவே அழுதிருக்கிறான். கையில் கணினியில் அடித்த இரண்டு தாள்கள்.

"மைனி, ஜீவிய சரித்திரம். ஒரு தடவ பாத்துத் தாருங்க. அண்ணனுக்குப் பிழை ஆகாது."

அடக்க ஆராதனையில் வாசிக்கப்படும் வாழ்க்கைக் குறிப்பு. பிறப்பு, ஞானஸ்நானம், படிப்பு, மணம், செய்த காரியங்கள், கடைசி நோய், பிரிந்த நேரம். நாளைய முனைக்குரலின் முதல் பக்கத்திலும் அதுவே வரும். அவர்கள் சபையில் ஒரு விதி இருந்தது. முன்பு ஒருவருடைய அடக்கத்தில் இரண்டு மனைவிகளின் வீட்டாரும் ஆளுக்கொரு ஜீவிய சரித்திரத்தோடு பிரசங்கப் பீடத்தில் ஏறி, மைக்கைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நெருங்கிய உறவின் கையெழுத்து இல்லாமல் எதையும் வாசிப்பதில்லை. அடியில் அவள் பெயரை அடித்து, மேலே கோடு விட்டிருந்தான் எபிசன்.

ரெஜிலா தாள்களை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். சிவப்புப் பேனாவைத் தேட வேண்டியிருக்கவில்லை.

திருமணமாகி வந்த சில மாதங்களிலேயே அவர் அவளைப் பிழை திருத்த உட்கார்த்திவிட்டார். தமிழ் படித்தவள், சம்பளமும் வேண்டாம். மதியச் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்து, ஈரம் காய்வதற்குள் தாள்களை விரிப்பார். ற, ர. ஒற்று. ஒருமை, பன்மை. அவற்றோடு அவர் அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே தொழில் ரகசியம் ஒரு வார்த்தை. கூறப்படுகிறது. யாரைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், கடைசியில் இதைப் போட்டுவிட்டால் வழக்கு நிற்காது என்பார். யார் கூறினார் என்று அவள் ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டாள். அதுதான் அந்த வார்த்தையின் அழகு என்று சொல்லிச் சிரித்தார்.

பிளஸ்ஸி அவளுடைய ஒரே தங்கை. பள்ளி ஆசிரியை, மன்றத்தில் மகளிர் பிரிவைப் பார்த்துக்கொண்டவள். ஓர் ஆண்டு, மன்றத்தின் முகாமில், பெண்கள் தங்கியிருந்த அறைக்குள் எபிசன் வந்தான். கதவைத் தாழிட்டான். பிளஸ்ஸி அவன் கையைக் கடித்துவிட்டு வெளியே ஓடினாள். அத்தானிடம் வந்து சொன்னாள். ஞானசிங் தலையைக் குனிந்து பொறுமையாகக் கேட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ரெஜிலா அவளுக்குச் சோறு போட்டாள்.

அந்த வாரமே, மற்றச் செய்திகளின் நடுவே ஒன்று மேஜைக்கு வந்தது. இளைஞர் முகாமில் கலந்துகொண்ட ஒரு ஆசிரியை, நிர்வாகி ஒருவரிடம் தகாத முறையில் நெருங்கியதாகவும், அவர் மறுத்ததால் அவர்மீதே பழி சுமத்திவருவதாகவும் கூறப்படுகிறது. எந்த முகாம் என்று இல்லை. பெயர் இல்லை. தங்கை சொன்னதற்கு நேர் தலைகீழாக இருந்ததால், நாகர்கோவில் பக்கம் எங்கோ என்று நினைத்துக்கொண்டு ரெஜிலா 'ஒரு ஆசிரியை' என்பதை 'ஓர் ஆசிரியை' என்று திருத்தினாள். எதிர் நாற்காலியில் அவர் பல் குத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் பெயர் தேவைப்படவில்லை. பிளஸ்ஸிக்கு நிச்சயித்திருந்த வீட்டார் மறுநாள் போன் செய்தார்கள். அந்த ஆண்டே அவள் கீரிப்பாறை பக்கம், ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். தனியாகத்தான் இருக்கிறாள். இந்த வீட்டு வாசலை அவள் பிறகு மிதிக்கவில்லை.

மறுப்புப் போடச் சொல்லி ரெஜிலா கேட்டாள். அழுதும் கேட்டாள், பேசாமல் இருந்தும் கேட்டாள். அவருடைய பதில் மாறவே இல்லை. "நாம எங்க சொன்னோம்? கூறப்படுகிறதுன்னுதான போட்டோம்?"

அவள் மறுபடியும் மேஜைக்குப் போனாள். அதைத்தான் அவளால் இன்றுவரை யாருக்கும் விளக்க முடியவில்லை. மகள் சின்னவள், போக இடம் இல்லை என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அது மட்டும் இல்லை. அவர் எதிரிலேயே இருந்து, அவருடைய ஒவ்வொரு வரியையும் வாசித்துக்கொண்டு, காத்திருக்க வேண்டும் போலிருந்தது. எதற்கு என்று தெரியாமலே காத்திருந்தாள்.

கட்டிலில் உட்கார்ந்து தாள்களைத் திருத்தத் தொடங்கினாள். முதலில் வழக்கம்போலத்தான். இரண்டு ஒற்று, ஒரு றகரம். பிறகு அந்த வரி வந்தது. 'பெண்களின் மானத்துக்கு அரணாக நின்றார்.'

கூடத்தில் ஃப்ரீசர் பெட்டியின் இரைச்சல் நின்று, மறுபடி தொடங்கியது. ரெஜிலா 'நின்றார்' என்பதன் பக்கத்தில் அழகான கையெழுத்தில் 'என்று கூறப்படுகிறது' என்று சேர்த்தாள். அதோடு நிறுத்தத்தான் நினைத்தாள். ஆனால் பேனா தொடர்ந்து ஓடியது. இளைஞர்களை நல்வழிப்படுத்தினார் என்று கூறப்படுகிறது. உண்மைக்காகவே பேனா பிடித்தார் என்று கூறப்படுகிறது. அன்பான கணவராக விளங்கினார் என்று கூறப்படுகிறது. இரண்டாவது தாள் முடியும்போது மூச்சு லேசாகியிருந்தது. கர்ப்பமாக இருந்தபோது பச்சை மாங்காய் தின்றது போன்ற ஒரு ருசி நாக்கில் ஊறியது.

எபிசன் கதவருகே நின்றே வாசித்தான். முதலில் புன்னகைத்தான். துக்கத்தில் கை தடுமாறியிருக்கிறது என்று நினைத்திருப்பான்.

"மைனி, இது எல்லா வரியிலயும் இருக்கே."

"எல்லா வரியிலயும் இல்ல. பிறந்ததும், ஞானஸ்நானம் எடுத்ததும், மரிச்சதும் அப்படியேதான் இருக்கு. நல்லா வாசி."

அவன் கதவைச் சாத்தினான். ஒரு கணம் கழித்து, என்ன நினைத்தானோ, தானே அதைத் திறந்து வைத்தான். குரலைத் தாழ்த்தி, இதை வாசித்தால் கோயிலே சிரிக்கும் என்றான். இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை என்றான். அவள் ஆமாம் என்றாள். பிறகு அவனே அந்தப் பேச்சுக்கு வந்தான்.

"பழசு மனசுல கிடக்குன்னு எனக்குத் தெரியும் மைனி. மறுப்புதான வேணும்? நாளைக்கே போடுகேன். கட்டம் கட்டிப் போடுகேன்."

அவள் இத்தனை ஆண்டுகள் கேட்டது. பிணம் நடுவீட்டில் கிடக்கும்போது, கேட்காமலே வருகிறது.

"யாருக்க பேரப் போடுவ?"

எபிசன் சுவரைப் பார்த்தான். "அன்னைக்குப் பத்திரிகைக்கு ஆசிரியர் அண்ணன்தான..."

அண்ணனை மண்ணுக்குள் வைக்கும் முன்பே விற்றுவிட்டான். ரெஜிலாவுக்குள் எழுந்தது கோபம் இல்லை, ஒருவகைச் சந்தோஷம். தனக்குள் அது இவ்வளவு இருப்பது அவளையே கொஞ்சம் பயமுறுத்தியது. அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தாள். பிளஸ்ஸி விடுப்பு எடுத்திருக்கவில்லை. பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது.

"மறுப்பு போடுகானாம்."

பிளஸ்ஸி வகுப்பை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். சத்தம் குறைந்தது.

"எனக்கு வேண்டாம்க்கா. எல்லாரும் மறந்து போனாவ. இப்ப மறுப்பு போட்டா, என்ன எழுதினதுன்னு தேடி வாசிப்பாவ." வகுப்பைப் பார்த்து ஒரு முறை அதட்டினாள். "உனக்கு வேணும்னா வாங்கிக்கோ. சாப்பிட்டியா?"

போனை வைத்த பிறகும் ரெஜிலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கைக்காகச் செய்கிறேன் என்ற எண்ணம் கையிலிருந்து நழுவிப் போய்விட்டது. தேடிப் பார்த்தாள். அந்த இடத்தில் பல் குத்திக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த மனிதர் மட்டும்தான் இருந்தார். சரி, எனக்காகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டு ஜெபத்துக்குப் போதகர் வந்தபோது எபிசன் அவர் காதில் நிறைய நேரம் பேசினான். அச்சகத்துக்கு ஆள் போய்த் திருத்தாத புதுப் பிரதி வந்துவிட்டது. ஜெபம் முடிந்தது. பாடகர்கள் பந்தலில் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். போதகர், அஞ்சு, பின்னால் எபிசன் என மூவரும் படுக்கையறை வாசலுக்கு வந்தார்கள்.

அஞ்சுவின் முகம் வீங்கியிருந்தது. சித்தி கதை அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்கு அவர் அப்பா.

"அம்மா, அப்பாக்க பேருக்காண்டி கேக்கல்ல," என்றாள். "வாசிக்கத நான் அங்க உக்காந்து கேக்கணும்லா. எனக்காண்டி ஒரு கையெழுத்து."

அந்த ஒரு கணம்தான் ரெஜிலா ஆடினாள். மகள் சிறுமியாக இருந்தபோது எதைக் கேட்டாலும் இப்படித்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்பாள். மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

போதகர் பேனாவைத் திறந்து நீட்டினார். எல்லாவற்றையும் கேட்க மேலே ஒருவர் இருக்கிறார், நாம் நாலு நல்ல வார்த்தை வாசித்து அனுப்பிவைப்போம் என்றார். நல்ல மனிதர். அவருடைய வெள்ளை அங்கியின் கையில், மலர்வளையத்திலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ் ஒன்று ஒட்டியிருந்தது.

ரெஜிலா எழுந்து, பேனாவைத் தொடாமல், அந்த இதழை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

"நேரமாச்சு அய்யா," என்றாள். "பெட்டிய எடுக்கச் சொல்லுங்க."