மூன்று முறை திறந்த கதவு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அரை அங்குலம் என்பது பெரிய தூரம். பெட்டியின் தரையும் மாடியின் தரையும் அந்த அளவு பிசகி நின்றால் யாராவது தடுக்கி விழுவார்கள். மற்றவர்கள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் அவர் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். கதையையும் அப்படித்தான் எழுதினார். ஒரே கதை. ஐந்து வருஷமாக.

"அண்ணே, உங்க கதை எந்த மாடியில மாட்டிக்கிட்டு நிக்குது?" என்று கூட வேலை பார்க்கும் வயர்மேன் கேட்பான். "உள்ள ஆளுங்க இருந்தா சொல்லுங்க, போய்க் கதவை நெம்புவோம்."

"இன்னும் லெவல் வரலப்பா" என்பார், சிரிக்காமல்.

வேறு யாருக்கும் காட்டும் முன் மனைவி படிக்க வேண்டும். அவள் வாயால் நல்லாயிருக்கு என்று வர வேண்டும். ஆசையும் அதுதான், பயமும் அதுதான். ஆறு வருஷத்துக்கு முன் ஓர் ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில் அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தை ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனது. கதை அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியது.

அன்று அவர் மேலே வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க, நான்தான் இறக்கிவிட்டேன்" என்றார். அவள் சுவரைப் பார்த்தபடி தலையாட்டினாள். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

தாளின் ஒரு பக்கம்தான் எழுதுவார். பிடிக்காவிட்டால் குறுக்கே கோடு போட்டு, எழுதிய பக்கத்தைக் கவிழ்த்து, சமையலறைச் சுவரிலிருந்த கிளிப்பில் செருகிவிடுவார். வெற்றுப் பக்கத்தில் அவள் சாமான் பட்டியல் எழுதுவாள். அடித்துப் போட்டதை யார் படிக்கப்போகிறார்கள்?

ஏழாவது தடவை எழுதியதில் ஒரு சொல்லும் உறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் முன் வைத்தார். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். கடைசித் தாளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பட்டாணியை எடுத்தாள். கிண்ணம் பாதி நிறைந்தது.

"எப்படி இருக்கு?"

"மேல வந்துட்டீங்க போல."

"என்னது?"

"மொதல்ல எழுதினதுல கீழயேதானே நின்னுட்டிருந்தீங்க. லிஃப்ட் நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. மூணு தடவை கதவு தெறந்துச்சு, மூணு தடவை மூடுச்சு, நீங்க ஏறல. மேல போய் என்ன பாக்கணுமோன்னு பயமா இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க."

"அத நீ படிச்சியா?"

"எல்லாத்தையும்தான் படிச்சேன். ரெண்டாவதுல ஏறிட்டீங்க. அப்புறம் திருத்தித் திருத்தி ஒவ்வொரு மாடியா வந்தீங்க. இதுல என் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க." ஒரு பட்டாணி உருண்டோடியது. எட்டிப் பிடித்துக் கிண்ணத்தில் போட்டாள். "நல்லாயிருக்கு. யாரோ ஒரு நல்ல மனுஷன். அவன் பொண்டாட்டி குடுத்து வச்சவ."

ஐந்து வருஷம் காத்திருந்த சொல் வந்துவிட்டது. அவர் சுவரைப் பார்த்தார்.

"அந்த மொதல் கதை... இருக்கா?"

"நீங்களா என் கையில குடுப்பீங்கன்னு துணிக்கு அடியில வச்சிருந்தேன். ஒரு வருஷம் வச்சிருந்தேங்க. அப்புறம் ஒரு நாள் கடைக்குப் போக வேற தாள் இல்ல. சோப்பு, உப்பு, பல்புன்னு எழுதி எடுத்துட்டுப் போனேன். எங்க விழுந்துச்சோ."

அவர் எழுந்து போய் ஒரு தாளை எடுத்தார். நின்றுகொண்டே எழுதினார். கதவு மூன்று முறை திறந்தது. நான் ஏறவில்லை. கதவு திறந்தது, நான் ஏறவில்லை. உன்னிடம் பொய் சொன்னேன்.

எழுத்து கோணியிருந்தது. ஒரே வரி இரண்டு முறை வந்திருந்தது. பேனா அதை அடிக்கப் போனது. மூடியை மாட்டினார். மை காயும் முன் நீட்டினார்.

நான்கு வரியை அவள் நெடுநேரம் படித்தாள்.

"அப்பவே குடுத்திருந்தா அழுதிருப்பேன்" என்றாள்.

தாளை அவரிடம் திருப்பித் தரவில்லை. சுவர் கிளிப்பில் செருகினாள், எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி. பிறகு பட்டாணித் தோலை அள்ளிக் குப்பையில் போட்டாள்.