சண்டைக்கு வெற்றிலை பாக்கு

என் அக்காள் புருஷன் ஒச்சப்பன் திண்டுக்கல் டூரிங் கொட்டகையில் பார்க்காத படம் கிடையாது. முழுசாகப் பார்த்த படமும் கிடையாது. வத்தலக்குண்டு பாதையில் எங்கள் ஊருக்கு வரும் கடைசி பஸ், படம் முடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடும். அதை விட்டால் விடியுமுன் மல்லிகை பறிக்க ஆள் இருக்காது. அதனால் படத்தில் பணக்கார அப்பன் மகளின் காதலைக் கேட்டுக் கொதித்து, அவளை வீட்டை விட்டுத் துரத்தும் கட்டம் வந்ததும் மச்சான் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். துணைக்குப் போன பாவத்துக்கு நானும் எழ வேண்டும்.

முடிவு என்ன என்று யாரிடமும் கேட்கமாட்டார். "அதுக்கு மேல என்ன இருக்கு? அப்பன் முடியாதுன்னுட்டான். முடிஞ்சுபோச்சுல்ல" என்பார். மறுநாள் பூப்பறிக்கிறவர்களிடம் கதை சொல்லும்போது, மகள் புத்தி தெளிந்து அப்பன் பார்த்த மாப்பிள்ளையையே கட்டிக்கொள்வாள். எங்கள் ஊரைப் பொறுத்தவரை சினிமாவில் காதல் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

இந்த மனுஷனுக்குப் பிறந்த சுந்தரம்மாள், அதே கொட்டகையில் மிஷின் ஓட்டும் சோலைமுத்துவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். படத்துக்குக் கூட்டிப்போனால் திரையைப் பார்க்காமல் பின்னால் திரும்பி மிஷின் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் எங்கள் வம்சத்திலேயே அவள் ஒருத்திதான். சோலைமுத்து தூரத்துச் சொந்தம், முறையில் குறைவில்லை. தொழில்தான் குறை.

"படம் பாக்கலாம் மாப்ளே, படம் ஓட்டுறவனுக்குப் பொண்ணு குடுக்கலாமா? இன்னைக்கு இங்க, நாளைக்குத் தொப்பம்பட்டியில. கூடாரத்தோட போறவன் குடித்தனமா பண்ணுவான்? நாமளும் இம்புட்டுப் படம் பாத்துட்டோம். ஒரு அப்பனாவது ஒத்துக்கிட்டானா, சொல்லு" என்றார் மச்சான். எனக்குத் தெரிந்தவரை ஒருத்தனும் ஒத்துக்கொள்ளவில்லை.

சுந்தரம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"மாமா, அப்பா சரின்னு சொல்லாம இந்த வாசப்படியத் தாண்டமாட்டேன். அவுகளத் தவிர வேற யாருக்கும் கழுத்தை நீட்டவும் மாட்டேன். கடைசி வரைக்கும் இப்படியே கெடந்துட்டுப் போறேன்."

சொல்லும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கொட்டகை லைசென்ஸ் அந்த மாதத்தோடு முடிகிறது; அப்புறம் கூடாரத்தைப் பிரித்துத் தொப்பம்பட்டிக்குப் போய்விடுவார்கள். அதற்குள் மச்சான் வாயிலிருந்து சரி என்ற சொல் வந்தாக வேண்டும்.

சோலைமுத்துவிடம் போய்ப் புலம்பினேன். அவன் சாவகாசமாகச் சொன்னான்: "கடைசி ரீல்ல அப்பன் ஒத்துக்கிருவாருண்ணே."

"எந்தப் படத்துல?"

"எல்லாப் படத்துலயும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாகக் காசு கொடுத்து மணலில் உட்கார்ந்து பாதிக் கதையைப் பார்த்துவிட்டு, ஊருக்கே தப்புக் கதை சொல்லியிருக்கிறோம். "அப்பக் கடைசி ரீலை முதல்ல ஓட்டுடா" என்றேன். என் மூளை வேலை செய்தது அன்றைக்கு ஒரு நாள்தான். அதுவும் இப்படி.

முதலாளி வெளியூர் போன நாளாகப் பார்த்து ஓட்டினான். படம் ஆரம்பித்ததும் அப்பன் கண்ணீரோடு மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தான். கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது, 'வணக்கம்' என்று எழுத்து வந்தது. "பாத்தியா, வந்தவுகளுக்கு வணக்கம் சொல்றாக. மருவாதி தெரிஞ்ச படம்" என்று மச்சான் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் முதல் ரீலிலிருந்து ஓடியது. கூட்டத்தில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பாட்டு வந்தது, சண்டை வந்தது, அழுகை வந்தது. கொடுத்த காசுக்கு எல்லாம் வந்துவிட்டது.

மகளைத் துரத்தும் கட்டம் வந்ததும் வழக்கம்போல எழுந்து பஸ் ஏறினோம். மச்சான் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். கனிந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"ஒத்துக்கிட்டான் பாரு மாப்ளே, கட்டியும் வச்சான். அப்புறம் என்ன ஆச்சு? பொண்ணு பெட்டியோட மழையில நிக்கிது. பொண்டாட்டி மயங்கி விழுகுறா. மருமகனைக் கன்னத்துல அறைஞ்சு வெளியே தள்ளுறான்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். அவரே என் தொடையைத் தட்டினார்.

"அந்தாளு செஞ்ச தப்பு என்னன்னு எனக்குப் பிடிபட்டுப்போச்சு. கல்யாணத்தை முதல்ல வச்சுட்டான். சண்டை அம்புட்டும் அப்படியே மிச்சம் நின்னுருச்சு. நாம சண்டையை முதல்ல போட்டு முடிச்சிருவோம். பெறகு கல்யாணம். அதுக்கு மேல சண்டைக்கு என்ன இருக்கு?"

"அப்பப் பொண்ணைக் குடுக்குறீகளா மச்சான்?"

"சண்டை நல்லபடியா முடியட்டும். படத்துல வந்த சண்டையில ஒண்ணு குறைஞ்சாலும் கல்யாணம் கிடையாது, ஆமா."

வெள்ளிக்கிழமை காலை சண்டைக்கு நல்ல நேரம் குறித்தார். சொந்தபந்தங்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். சாப்பாடு உண்டா என்று கேட்டவர்களிடம், "சண்டை வீட்டுல ஏதுய்யா சாப்பாடு? காப்பித்தண்ணி உண்டு" என்றார். என் அக்காள் அய்யம்மாள் மயங்கி விழுவதற்காகக் கூடத்தில் பாய் விரித்தார்கள். மழை வேண்டுமே! எங்கள் பக்கம் மழைக்கு எங்கே போவது? தோட்டத்துப் பூவாளியில் தண்ணீர் மொண்டு என் கையில் கொடுத்து, ஓட்டின்மேல் ஏற்றிவிட்டார்கள்.

சண்டை ஜோராகத் தொடங்கியது. சோலைமுத்து வந்து பெண் கேட்டான். மச்சான் மீசையை முறுக்கி அவன் கன்னத்தில் அறைந்தார். அறைந்த கையோடு, "வலிச்சிருச்சா அப்பு?" என்று கேட்டார். அக்காள் முறை வருவதற்கு முன்பே மயங்கிவிட்டாள். சுந்தரம்மாள் தகரப் பெட்டியோடு தெருவில் இறங்கினாள். நான் மழை பெய்தேன்.

மிச்சம் ஒன்றுதான். படத்து அப்பன் சொன்ன மாதிரி, 'இனிமே நீ எனக்கு மகளே இல்லை' என்று மச்சான் சொல்ல வேண்டும்.

நெஞ்சில் கை வைத்து, "இனிமே நீ எனக்கு..." என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். மறுபடியும், "இனிமே நீ..." என்றார். வரவில்லை. இத்தனை மாதமாக ஊரே கேட்கும்படி முடியாது, முடியாது என்று முழங்கிய வாய் அது. அண்ணாந்து, "ஏலே கருப்பணா, நீ சொல்லேன்" என்றார்.

"நான் சொல்லி என்னத்துக்கு ஆகும்? அப்பன் நீங்கதான் மச்சான்."

சுந்தரம்மாள் நனைந்தபடி நின்று கெஞ்சினாள். "சொல்லிருங்கப்பா. ஒண்ணு குறைஞ்சா கல்யாணம் இல்லைன்னு நீங்கதான சொன்னீக? ஒரே ஒரு வார்த்தைதானப்பா."

மச்சான் படியிறங்கி மகள் முன்னால் போய் நின்றார். அவள் நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துண்டால் துடைத்தார்.

"இனிமே நீ எனக்கு..." என்றவர், அவள் முகத்தைப் பார்த்தார். "காலையில இருந்து எதுனாச்சும் சாப்டியா தாயி?"

அத்தனை மாதமும் அழாத பிள்ளை, "இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கீழே போட்டு ஓவென்று அழுதாள். மச்சானும் அழுதார். நானும் ஓட்டின்மேல் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

காப்பிக்குக் காத்திருந்த ஒரு பெரியவர், "ஒண்ணு குறையுதே ஒச்சப்பா, அப்பக் கல்யாணம்?" என்றார்.

"குறைஞ்சா குறையட்டும்யா! அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம். எல்லாரும் வந்து சேருங்க" என்று கத்தினார் மச்சான். மகளைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப் போனவர், படியில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்.

"அந்தப் படத்துல அப்பனா வந்தவன் அதை எப்படி மாப்ளே வாய் கூசாமச் சொன்னான்? அவனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாதோ?"