கீழ்த்தட்டு வண்டுகள்

"முட்டை! ஏய், ஓடி வா, முட்டை!"

அண்ணி போட்ட சத்தத்தில் நாத்தனாரின் கையிலிருந்த துடைப்பம் நழுவியது. நாலு வாரமாக அந்தப் பூச்சி அறையில் யாரும் சத்தம் போட்டதில்லை. பெருமூச்சு விட்டதோடு சரி.

தக்காளிச் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைப் பொறிவண்டு ஒரு பிடி பிடிக்கும். அந்த வண்டுகளை வளர்த்துத் தோட்டக்காரர்களுக்குக் கொடுக்கத்தான், இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு அண்ணி இந்த அறையைத் தொடங்கினாள். சீக்கிரம் பெருகட்டும் என்று வண்டு வளரும் மேல்தட்டு, கீழ்த்தட்டு இரண்டுக்கும் ஹீட்டர் வைத்து, ராப்பகலாக முப்பது டிகிரியில் நிறுத்தினாள். புழுக்கள் மளமளவென்று வளர்ந்து வண்டாயின. முட்டைதான் இல்லை. இன்று நாலு மணிக்குத் தக்காளிக்காரர் வருகிறார். முட்டையைக் கண்ணால் பார்த்தால் அது பொரியும்வரை நாலு நாள் பொறுப்பார், இல்லாவிட்டால் இன்றே மருந்தடிப்பார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அடிப்பார்கள். அப்புறம் அறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

கீழ்த்தட்டில், இலைக்கு இலை, மஞ்சள் மஞ்சளாக முட்டைகள் நெருக்கியடித்து நின்றன. அண்ணி நாத்தனாரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். இருவருக்கும் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது.

"மேல்தட்டுல ஒண்ணுகூட இல்ல. அதே வண்டு, அதே தீனி! கீழ மட்டும் என்ன நடந்துச்சு? அது தெரியலைன்னா மறுபடியும் கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணும். யோசி!"

நாத்தனாருக்கு யோசிக்கவே வேண்டாம். அதுதான் சிக்கல். 'டீ கெட்டில் உள்ள வந்தா நீ வெளிய' என்று அண்ணி முதல் நாளே சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிறவள். வாயை மூடிக்கொண்டால் தப்பிக்கலாம். ஆனால் அண்ணி அடுத்த மாதமும் தலையைப் பிய்த்துக்கொள்வாளே!

"அண்ணி, திட்டாதீங்க. நான் தினமும் இங்கதான் டீ போடறேன்."

"என்னது?"

"கெட்டிலும் ரெண்டு ஹீட்டரும் சேர்ந்தா ஃபியூஸ் போயிடுது. அதான் கீழ்த்தட்டு பிளக்கைப் பிடுங்கிடுவேன். திரும்பச் சொருக மறந்துடும். சாயங்காலம் பூட்டும்போதுதான் ஞாபகம் வரும்."

அண்ணி குனிந்தாள். கீழ்த்தட்டு வெப்பமானியில் அதுவரை தொட்டே பார்க்காத பொத்தானை அமுக்கினாள். பதிவான மிகக் குறைந்த அளவு: இருபத்தொன்று. மேல்தட்டில் அமுக்கினாள். முப்பது.

"தினமும் குளிர்ந்து, திரும்பச் சூடாகியிருக்கு," என்றாள் மெதுவாக. "நான் மேல இருக்கறதுகள விடாம வேக வெச்சிருக்கேன்!"

வாசல் மணி அடித்தது. தக்காளிக்காரர்!

"கெட்டில எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

"துடைப்பம் வெக்கிற மூலையில."

"எடு. மூணு டீ போடு," என்றபடி, முட்டை ஒட்டிய இலையை ஏந்திக்கொண்டு அண்ணி கதவுக்கு ஓடினாள். பாதியில் திரும்பினாள். "இந்தத் தடவை மேல்தட்டு பிளக்கைப் பிடுங்கு!"