வெளியே எடுத்த நேரம்

அடுப்பே வேண்டாம், பத்தே நிமிடம் என்று போன் வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னதை அக்கா நம்பிவிட்டாள். பகல் ஒரு மணிக்கு ஆரம்பித்தோம். நாலு மணிக்கும் திராட்சையைக் குச்சியில் குத்திக்கொண்டுதான் இருந்தோம்.

ஒரு திராட்சை, ஒரு துண்டு சீஸ், ஒரு புதினா இலை, மறுபடி ஒரு திராட்சை. இதைச் சமையல் என்று யாரும் சொல்ல முடியாது. அடுக்குகிற வேலை. என் பிழைப்பும் அதுதான். குளிர்கிடங்கில் இரவு முழுக்க சீஸ் பெட்டி அடுக்கிவிட்டு வந்து படுத்தவனைப் பாதித் தூக்கத்தில் எழுப்பி, வீட்டிலும் அதையே செய்ய வைத்தாள்.

வரப்போகிற விருந்தாளி என் மேனேஜர். காலையில் மைதானத்தில் நடக்கிறவர். அவருக்காகவே அத்தானும் அங்கே நடக்க ஆரம்பித்தார். இரண்டு மாதம் மூச்சிரைக்கக் கூடவே ஓடி, அவர் சொன்ன ஜோக்குக்கெல்லாம் சிரித்து, கடைசியில் மனைவியோடு வீட்டுக்கு வரச் சம்மதிக்க வைத்துவிட்டார். எல்லாம் எனக்குப் பகல் வேலை கேட்கத்தான்.

முன்பு எனக்குப் பகல் வேலைதான் இருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் ஒருநாள் லிஃப்ட் மக்கர் பண்ணியதில், சீஸ் ஏற்றிய தள்ளுவண்டி குளிருக்கு வெளியே அரை மணி நேரம் நின்றுவிட்டது. கிடங்கில் இருபது நிமிடம்தான் கணக்கு. அதைத் தாண்டினால் வண்டியோடு கழிவில் கொட்ட வேண்டும். நான் கொட்டாமல் உள்ளே தள்ளிவிட்டேன். மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னை நிற்க வைத்தார். "இருபதுன்னா இருபது. இருபத்தொண்ணு ஆச்சுன்னா அது சீஸ் இல்ல, விஷம்" என்றார். மறுநாளிலிருந்து இரவு. கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

நான் பகலில் முன்னறையில் தூங்குவதால், அக்காவின் ஆறு வயது மகள் வாய்விட்டுச் சிரித்தே மாதக்கணக்காகிறது. சிரிக்க ஆரம்பித்தாலே யாராவது ஓடிவந்து வாயைப் பொத்துகிறார்கள். அன்றைக்கும் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அக்காவுக்கு என்மேல் பாசம் உண்டு. வீட்டில் சத்தம் வேண்டும் என்ற ஆசை அதைவிட அதிகம். அதில் தப்பொன்றும் இல்லை. எனக்கும்தான் பகல் வேண்டும். மனிதன் தூங்குகிற நேரத்தில் தூங்க வேண்டும்.

"ஆப்பிள் கறுத்துப் போகுது பாரு" என்று அக்கா மூன்றாவது எலுமிச்சையைப் பிழிந்தாள்.

"இனிமே அது ஆப்பிளே இல்ல. தின்னா பல்லு கூசும்."

"நீ ஒண்ணும் தின்ன வேண்டாம். குத்து."

அத்தான் உள்ளே வந்து தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பேரிக்காய் பக்கம் சோபாவைப் பார்த்து இருக்க வேண்டுமாம், மேனேஜர் அங்கேதான் உட்காருவாராம். நல்ல சீஸ் எல்லாம் அந்தப் பக்கம். சதுரமாக வெட்டிய மலிவுச் சீஸ் எங்கள் பக்கம்.

"அவர் தட்டைத் திருப்பிட்டா என்ன பண்ணுவீங்க அத்தான்?"

"ஏன் மாப்ளே அபசகுனமாப் பேசற? நீ அவர்கிட்ட வாயைத் திறக்காம இரு, போதும். மூஞ்சியையும் கொஞ்சம் கழுவிட்டு வா. கேஸ் போடப் போறவன் மாதிரி இருக்கு."

நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் நாலரைக்கும் வரவில்லை. ஐந்துக்கும் வரவில்லை. குச்சியில் சீஸ் வியர்க்க ஆரம்பித்தது.

"ஃபிரிட்ஜ்ல வச்சிடுக்கா."

"குச்சியோட எங்கடா வைக்கிறது? தட்டு நுழையாது. எல்லாத்தையும் உருவினா மறுபடி யாரு குத்துறது? நீயா?"

ஒரு துணியை எடுத்துச் சீஸின் ஈரத்தை ஒற்றினேன்.

ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது வந்தார்கள். தாமதத்துக்குக் காரணம் சொல்லவில்லை. மேனேஜர்கள் சொல்வதில்லை. அவர் மனைவி முன்னறையை ஒரு பார்வை பார்த்து, "அழகா வச்சிருக்கீங்களே" என்றார். என் பாயும் தலையணையும் கதவுக்குப் பின்னால் திணிக்கப்பட்டிருந்தன.

அக்கா தட்டை நீட்டினாள். மேனேஜர் ஒரு குச்சியை எடுத்தார். கண்ணை மூடி மென்றார். இன்னொன்று எடுத்தார். "இதான் சீஸ். வாயில வச்சா கரையணும்" என்று மனைவிக்குப் பாடம் நடத்தினார். அது கரைந்தது உண்மைதான். மூன்று மணி நேரம் வெளியே இருந்தால் எதுவும் கரையும். அத்தான் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஏழாவது குச்சி போய்க்கொண்டிருந்தது. நான் எண்ணினேன். வேறு வேலை இல்லை.

ஏழாவதை எடுக்கும்போது தட்டின் வலது மூலையில் அக்கா குவித்து வைத்திருந்த புதினா சரிந்தது. அடியில் ஒரு மஞ்சள் சீட்டு. கிடங்கில் குளிரிலிருந்து எதை எடுத்தாலும் வலது மூலையில் அப்படி ஒன்று ஒட்ட வேண்டும். அந்தச் சீட்டுக் கட்டு எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். பாதித் தூக்கத்தில் கை தன் பாட்டுக்கு வேலையை முடித்திருக்கிறது. என் கையெழுத்தில் 'வெளியே எடுத்தது 2.40' என்றிருந்தது. அக்கா அதைக் கடை விலைச்சீட்டு என்று நினைத்து மேலே புதினாவைப் போட்டு மறைத்திருக்கிறாள்.

மேனேஜர் சீட்டைப் படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஐம்பத்தைந்து. வாயில் இருந்ததை மெல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு விழுங்கினார். சீட்டை உரித்து உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு, "கை கழுவணுமே" என்று எழுந்தார். அத்தான் எழப் போனார். மேனேஜர் என் பக்கம் தலையை ஆட்டினார்.

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டார். கை கழுவவில்லை.

"என்னைக் குத்திக் காட்டவா ஒட்டுன?"

"பழக்கம் சார். தெரியாம ஒட்டிட்டேன்."

"மூணே கால் மணி நேரம்."

"ஆமா சார். விஷம்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த மாலையில் நான் துணிந்து சொன்னது அது ஒன்றுதான். அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஏழு குச்சி தின்ற கதை கிடங்கில் பரவினால் அடுத்த தடவை யாரை நிற்க வைத்து எதைச் சொல்வது?

"பகல்ல ஆள் வேணும்தான்" என்றார். "ஆனா இடம் இல்ல. ஒருத்தரை நைட்டுக்கு அனுப்பினாத்தான் இன்னொருத்தர் வர முடியும்."

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

"பகல்ல ஒரு கண்ணாடிக்காரம்மா இருக்கே. போன வாரம் காலைல ஷிஃப்ட் மாறும்போது அதோட வண்டி வெளிய நின்னுச்சாம். எத்தனை நிமிஷம்னு சொல்ல ஆள் இல்ல. நீ அப்ப அங்கதான இருந்த?"

இருந்தேன். என் வண்டியின் சக்கரம் கதவுப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. அந்த அம்மா தன் வண்டியை விட்டுவிட்டு வந்து, தோளைக் கொடுத்துத் தள்ளியது. "தம்பி, இந்தச் சனியனுக்கு எண்ணெய் விடச் சொல்லி எத்தனை தடவை சொல்றது?" என்றது. அதில் போனதுதான் அந்த நேரம்.

"இருந்தேன் சார்."

"எத்தனை?"

"இருபத்திரண்டு."

குழாயை மூடினார். மஞ்சள் சீட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்து எழுதிக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய், பேரீச்சம்பழத்துக்குள் சீஸ் வைத்திருந்ததைப் பாராட்டினார். தின்னவில்லை. வயிறு நிறைந்துவிட்டதாம். அவர் மனைவி மட்டும் மேலும் இரண்டு சாப்பிட்டார். அவர் தடுக்கவில்லை.

அவர்கள் போனதும் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள என்னடா பேசினாரு?"

"பகல் குடுத்துட்டாரு."

அக்கா அழுதாள். அத்தான் மிச்சம் இருந்த பேரிக்காயை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "நான் சொல்லல? எந்தப் பக்கம் எதை வைக்கிறோம்னு ஒண்ணு இருக்கு மாப்ளே" என்றார்.

"அவரு என்ன தங்கமான மனுசன்" என்றாள் அக்கா.

ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் நீட்டிய தாளில் இருபத்திரண்டு நிமிடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சக்கரத்தைப் பற்றி எழுத அதில் இடம் விட்டிருக்கவில்லை. கேட்டால் இன்னொரு தாள் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை.