உட்கார்ந்தே போனவன் வண்டி

இப்போதெல்லாம் ஆட்களுக்குப் புதுசையும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, பழசையும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. வீட்டில் கிடக்கிற நல்ல பழைய சைக்கிளை எடைக்குப் போட்டுவிட்டு, நேராகக் கடைக்கு வந்து, "புதுசா ஒண்ணு கட்டி, நாப்பது வருஷத்து வண்டி மாதிரி ஆக்கிக் குடுங்க" என்கிறார்கள். கேட்டால் ரசனையாம். உழைத்துத் தேய்ந்த மனுஷனைத் திரும்பிப் பார்க்க நாதி கிடையாது. தேய்ந்த மாதிரி நடிக்கிற பெயிண்டைத் தடவித் தடவிப் பார்க்கிறார்கள். பெயிண்டருக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஐந்து வருஷமாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். வயிறு ரசனை பார்க்காது.

அளவெடுத்துச் சட்டை தைப்பது மாதிரி ஆளுக்கு ஏற்ப சைக்கிள் கட்டுகிற கடை அது. முன்பக்கம் கண்ணாடி, விளக்கு, உட்கார சோபா. பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஓர் அறை, அதுதான் பெயிண்டருடையது. அங்கே புகைபோக்கி விசிறி ஒன்று நாள் முழுக்க இருமிக்கொண்டிருக்கும். ஒரு புதன்கிழமை காலை, அந்த அறை வாசலில் அவருடைய தங்கச்சி வந்து நின்றாள். அவள் கடைக்கு வருகிறவள் இல்லை. நல்ல சேதிக்கு வரவில்லை என்று பெயிண்டர் பார்த்தவுடனே முடிவு கட்டினார்.

"அண்ணே, அவர் வண்டி மாதிரியே ஒண்ணு பண்ணிக் குடு."

அவர் என்றால் அவள் புருஷன், பெயிண்டரின் மாப்பிள்ளை. முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூளையில் ரத்தம் உறைந்து, வலது கால் இழுத்துக்கொண்டது. கால் பாதி தேறியது. புத்தி தேறவில்லை. தினமும் காலையில் குளித்து, முழுக்கைச் சட்டை போட்டு, பையில் பென்சில் செருகிக்கொண்டு, "வண்டிய எங்க வெச்ச?" என்று ஆரம்பிப்பார். வண்டி இல்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாசத்தில், இனி எங்கே ஓட்டப் போகிறார் என்று தங்கச்சிதான் அதை இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டாள். அவர் தேடிக்கொண்டு தெருவில் இறங்குவார். எந்தச் சைக்கிள் கண்ணில் பட்டாலும் தன்னுடையது என்று பிடித்துக்கொள்வார். போன வாரம் மருந்துக்கடை வாசலில் ஒருவன் பிடித்துத் தள்ளியதில் புருவத்தில் மூன்று தையல்.

"பையன் இவர முதியோர் விடுதியில சேர்க்கப்போறேங்கிறான். திங்கக்கிழமை இடம் குடுக்கறாங்களாம். அங்க கதவப் பூட்டியே வெப்பாங்களாம்ணே. பூட்டுன கதவுகிட்ட நின்னு நின்னே இவர் செத்துருவார்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"வண்டி வீட்ல இருந்தா அவர் ஏன் வெளிய போறார்? தொடைச்சிக்கிட்டு உக்காந்திருப்பார். பையன்கிட்ட பேசிட்டேன். வண்டிய வெச்சு அவர் அடங்கி இருந்தார்னா விடுதி வேண்டாம்னு சொல்லிட்டான்."

"புத்தி போனவன ஏமாத்தச் சொல்ற."

"நீ புத்தி இருக்கறவங்களயே தினம் ஏமாத்திட்டுதானே இருக்க."

அவள் சொன்னது சரியில்லை என்று பெயிண்டருக்குத் தெரியும். கடைக்கு வருகிற எவனும் ஏமாறுவதில்லை. பொய்ப் பழசு என்று தெரிந்துதான் வாங்குகிறான், மாட்டி வைத்துப் பெருமைப்படுகிறான். தெரியாமல் ஏமாற வேண்டிய ஆள் இவர் ஒருத்தர்தான். இது நடக்காது என்று அவருக்குத் தோன்றியது. எதுவுமே நடக்காது என்றுதான் அவருக்கு எப்போதும் தோன்றும். ஆனாலும் தங்கச்சி அழாமல் கேட்டாள். அழுதிருந்தால் திட்டி அனுப்பியிருப்பார்.

முன்பக்கம் வேலை செய்கிற ஃபிட்டர் பழைய அச்சில் சைக்கிளின் இரும்புச் சட்டம் ஒன்று பற்றவைத்துக் கொடுத்தான். மட்கார்டு, கேரியர், செயின் கவர் எல்லாம் அந்தக் காலத்து வடிவம். அன்றே பெயிண்டர் வேலையைத் தொடங்கினார். அந்த வண்டியின் தோல் அவருக்கு மனப்பாடம். மாப்பிள்ளை அதை வாங்கியபோது கறுப்பு. அலுவலக வாசலில் நிற்கிற நாற்பது வண்டியும் கறுப்பாக இருக்கிறது, தினம் அடையாளம் தெரியாமல் திண்டாடுகிறேன் என்று மாப்பிள்ளை சொல்லப்போய், கல்யாணமான அடுத்த வருஷம் பெயிண்டரே அதற்குக் கரும்பச்சை அடித்துக் கொடுத்திருந்தார். ஆகவே அடியில் செங்காவி பிரைமர், அதன் மேல் கறுப்பு, அதன் மேல் பச்சை. அந்த வரிசையில் அடித்தால்தான் தேய்க்கும்போது அந்த வரிசையில் வெளியே வரும். அங்கங்கே ஈரக் கறுப்பில் கல்லுப்பைத் தூவி, காய்ந்த பிறகு பச்சையை அடித்து, உப்பைக் கழுவிவிட்டால் அந்த இடமெல்லாம் பச்சை கொப்புளித்துப் பெயர்ந்த மாதிரி இருக்கும். உப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்துப் போல்ட்டுகளில் கட்டி வைத்தால் ஒரு நாளில் துரு வரும். எண்ணெயில் தூசியைக் குழைத்து மூலைகளில் அப்பினார்.

இதெல்லாம் யாரும் செய்யக் கூடியதுதான். அவருடைய வேலை இதற்கு அப்புறம். தேய்மானத்தைக் கண்ணால் போடக் கூடாது, உடம்பால் போட வேண்டும் என்பது அவர் கட்சி. மற்ற பெயிண்டர்கள் அழகுக்கு இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று சுரண்டுவார்கள். அவர் வண்டியைத் தாங்கியில் ஏற்றி, அதன் மேல் தானே ஏறி உட்கார்ந்து, அரை மணி நேரம் காற்றிலேயே மிதிப்பார். தொடை எங்கே உரசுகிறது, முழங்கால் எங்கே தட்டுகிறது, குதிகால் செயின் கவரை எங்கே தொடுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வார். பிறகு இறங்கி, அந்தக் கோட்டுக்குள் மட்டும் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்ப்பார். முதலில் பச்சை போய்க் கறுப்பு வரும், பிறகு காவி, நடு மையத்தில் மட்டும் இரும்பு.

மாப்பிள்ளைக்கும் அவருக்கும் ஒரே உயரம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சீட்டுக்குப் புதுத் தோல் வாங்கி, ஊற வைத்து, கல்லை ஏற்றிக் குழி விழ வைத்து, வெயிலில் வெடிக்க விட்டார். முப்பது வருஷம் ஒரு மனுஷன் உட்கார்ந்தால் எப்படிப் பள்ளமாகுமோ அப்படி. இரண்டு பெடல் ரப்பரையும் அரத்தால் ஒரே அளவு மழுக்கினார்.

சனிக்கிழமை மத்தியானம் ஃபிட்டர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"பெரியவரே, இத ரோட்ல நிறுத்திறாதீங்க. பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போயிருவான்."

"போடா வேலையப் பாத்துக்கிட்டு."

ஆனால் அவருக்கு உள்ளே லேசாகக் குளிர்ந்தது. வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு பொய்யை அவர் செய்ததில்லை.

ஞாயிறு காலை வண்டியைத் தள்ளிக்கொண்டே தங்கச்சி வீட்டுக்குப் போனார். ஓட்டிப்போனால் வேண்டாத இடத்தில் உரசி, போட்ட தேய்மானம் கெட்டுவிடும் என்று பயம். தங்கச்சி பையன், பெயிண்டருக்கு மருமகன், கேட்டைத் திறந்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆறு மாசமாக ராத்திரித் தூக்கம் இல்லாத முகம். "வாங்க மாமா" என்றவன் வண்டியைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தபடி நின்றான்.

மாப்பிள்ளை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். பையில் பென்சில், புருவத்தில் கட்டு. வண்டியைக் கண்டதும் எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து ஹேண்டில் பாரைப் பிடித்தார். மணியை ஒரு தரம் அழுத்தினார். சட்டத்தில் உள்ளங்கையை வைத்து மெதுவாக வழித்துக்கொண்டே போனார். தங்கச்சி சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டாள். பெயிண்டருக்கு நெஞ்சுக்குள் ஏதோ எழும்பியது. வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்தார்.

கை சீட்டுக்கு வந்து நின்றது. கட்டைவிரலைக் குழியில் வைத்து அழுத்தினார். குனிந்து இடது பெடலைப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் வலது பெடலையும் பார்த்தார்.

"யாரு வண்டிப்பா இது?"

"உங்க வண்டிதான் மாப்ள. பாருங்க, நான் அடிச்ச பச்ச."

"என் வண்டியா?" மாப்பிள்ளை சிரித்தார். "இவன் உக்காந்தே போயிருக்கான்."

சீட்டுக் குழியை விரலால் சுட்டிக் காட்டினார்.

"மீட்டர் பாக்கறவன் உக்காந்தா போவான்? பத்தடிக்கு ஒரு வீடு. இடது கால் பெடல்ல, வலது கால் தரையில. ஒரு தள்ளு. நிறுத்து, எட்டிப் பாரு, எழுது. மறுபடி ஒரு தள்ளு. சீட்டுல குந்தறதுக்கு நேரம் ஏது?" சீட்டை ஒரு தட்டுத் தட்டினார். "ஏதோ சோம்பேறிப் பய வண்டி."

இரண்டு வருஷத்தில் அவர் இவ்வளவு பேசியதில்லை.

பெயிண்டர் அந்தக் குழியைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் மாப்பிள்ளையை எத்தனை தரம் பார்த்திருப்பார். கல்யாண வீட்டுக்கு வரும்போது, விடுமுறையில் வரும்போது, எப்போதும் சீட்டில் உட்கார்ந்து வருகிற ஆள். வேலை நேரத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை. சட்டத்தில், சீட்டில், பெடலில் பெயிண்டர் தேய்த்து வைத்திருந்தது அத்தனையும் தன்னுடைய உடம்பைத்தான்.

"கல்யாணத்தப்ப இருந்த சீட்டு," என்றாள் தங்கச்சி, யாருக்கோ சொல்வது போல. "கடைசி வரைக்கும் மாத்தவே இல்ல. புதுசாவே இருந்துச்சு. ஏன்னு நான் ஒரு நாளும் யோசிக்கல பாரேன்."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, மாப்பிள்ளை வண்டியைத் திருப்பினார். "உடையவன் தேடிட்டு இருப்பான். குடுத்துட்டு வந்துர்றேன்." மருமகன் எட்டுவதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டார்.

இடது காலைப் பெடலில் வைத்தார். இழுத்துக்கொண்ட வலது காலால் ஒரு தள்ளு தள்ளினார். வண்டி உருண்டது. பக்கத்து வீட்டு வாசலில் நிறுத்தி, சுவரை எட்டிப் பார்த்து, உதட்டுக்குள் ஏதோ எண் சொன்னார். மறுபடி ஒரு தள்ளு, அடுத்த வீடு. உடம்பு சட்டத்தோடு ஒட்டிச் சாய்ந்து, இடுப்பு சீட்டின் இடது ஓரத்தில் மட்டும் பட்டுக்கொண்டு போயிற்று. எங்கே தேய்த்திருக்க வேண்டும் என்று பெயிண்டருக்கு இப்போது வெளிச்சமாகத் தெரிந்தது. நாலு வீடு போனார். ஐந்தாவது தள்ளலில் வலது கால் மடங்கி, வண்டியோடு சரிந்தார். மருமகன் ஓடிப்போய்ப் பாதியில் தாங்கியதால் தலை தப்பியது. முழங்கை கிழிந்தது.

திரும்பக் கூட்டிவந்து உட்கார வைத்த பிறகு மருமகன் உள்ளே போய் விடுதிக்குப் போனில் பேசினான். வெளியே வந்தபோது அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"மாமா, உங்கள குத்தம் சொல்லல. நாளைக்குங்கறத இன்னைக்கே வரச் சொல்லிட்டாங்க. இனிமே என்னால முடியாது."

"உன்ன யாரு என்ன சொன்னா," என்றார் பெயிண்டர்.

தங்கச்சி உள்ளே போய்ப் பையில் நாலு சட்டையை மடித்து வைத்தாள். கார் வந்தது. மாப்பிள்ளை ஏற மறுத்துக் கதவைப் பிடித்துக்கொண்டார். மருமகன் குனிந்து காதில், "வண்டியத் தேடத்தான்பா போறோம்" என்றான். உடனே கையை விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார். "உடையவன்கிட்ட அதக் குடுத்துட்டியா?" என்று கேட்டார். "குடுத்துட்டேன்பா." அவருக்குத் திருப்தி. நாலு நாள் உப்பும் அரமும் வாட்டர் பேப்பரும் செய்ய முடியாததை, பெற்ற பிள்ளை ஒரே வார்த்தையில் செய்து முடித்தான்.

கார் போன பிறகு அண்ணனும் தங்கச்சியும் வாசலில் நின்றார்கள். வண்டி சுவரில் சாய்ந்திருந்தது. விழுந்ததில் மட்கார்டில் ஒரு கீறல். அது ஒன்றுதான் நிஜம்.

"அண்ணே, சீட்ட மாத்தி, அந்த இடது பெடல மட்டும் நல்லா தேய்ச்சுக் குடு. அங்க கொண்டுபோய் வெப்போம். உள்ளுக்குள்ளயே தள்ளிக்கிட்டுத் திரியட்டும்."

"பூட்டி வெக்கற இடத்துல வண்டிய விடுவானா?"

"கேட்டுப் பாக்கறேன்."

"கேளு."

"நாலு வீடு போனாரில்ல. நீயும் பாத்தியே. சிரிச்சுக்கிட்டே போனார்ணே."

பெயிண்டரும் பார்த்தார். பல் தெரிந்தது உண்மை. அது சிரிப்பா, வராத காலை இழுத்த வலியா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தங்கச்சி பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுட்டுச் சொல்லு" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, அந்த நாலு வீட்டையும் தலை நிமிராமல் தாண்டி நடந்தார். கேட்பாள், விடமாட்டார்கள். விட்டாலும் அந்த ஆள் வேறொரு குறையைக் கண்டுபிடிப்பார். பெயிண்டர் நடையை எட்டிப் போட்டார்.