மூலைக்கு மூலை ஆறடி இரண்டங்குலம்

உலகத்தில் ஒரு செங்கல்கூட வாங்காமல் வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்த்த ஒரே நகர மன்றம் நம்முடையதுதான். ஆண்டுத் தொடக்கத்தில் நகரத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் வீடுகள் இருந்தன. ஆண்டு முடிவில் ஒன்பதாயிரத்து நானூறு. இடையில் ஒரு லாரி மணல் ஊருக்குள் வரவில்லை, ஒரு கொத்தனாருக்கும் வேலை கிடைக்கவில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் வீட்டு வசதிக்கென்று வைத்திருந்தது பூங்கா நீரூற்றுக்குப் போய்விட்டதால், மன்றம் வீடு கட்டுவதை விட்டுவிட்டு, வீடு என்றால் என்ன என்பதை மாற்றியது. வீட்டின் அகலம் பன்னிரண்டு அடி என்றிருந்த விதியைப் பதினோரு அடி என்று திருத்தி, தலைவர் மேசை மணியை அடித்த அதே நொடியில் எல்லா வீடுகளும் ஒழுங்காகச் சுருங்கிக்கொண்டன. பன்னிரண்டு வீடுகள் இருந்த தெருவில் வீட்டுக்கு ஓர் அடி மிச்சமாயிற்று. தெருக்கோடியில் பதினோரு அடியில் புதிதாக ஒரு வீடு, கதவு எண்ணும் குழாயும் சகிதம் நின்றது. மீதி ஓர் அடி சாக்கடைக்குப் போயிற்று. அன்று மதியமே அங்கே குடிவந்த தம்பதி காலண்டர் மாட்ட ஆணி தேடியபோது, சுவரில் ஏற்கெனவே அடித்திருந்தது.

ஒரு தடவை வென்றதை மன்றம் சும்மா விடுமா? ஒவ்வொரு மாதமும் இரண்டாவது வியாழக்கிழமை கூடி, அகலத்தில் கொஞ்சம், நீளத்தில் கொஞ்சம் என்று குறைத்துக்கொண்டே வந்தது. தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாகவே நிறைவேறின. காரணம், அந்த மன்றத்தில் எதிர்த்து ஓட்டுப் போடும் பழக்கம் கிடையாது. பிடிக்காத உறுப்பினர் ஓட்டெடுப்புக்கு முன்னால் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, வராந்தாவிலிருக்கும் கேனில் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். மணி அடித்த பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஆதரித்தார்கள் என்று பதிவாகும். வீட்டளவு விஷயத்தில் சில உறுப்பினர்களுக்கு மனசாட்சி அதிகம். மூன்று தம்ளர் குடித்தார்கள்.

இவ்வளவையும் அளந்து எழுதியவர் மன்றத்தின் சர்வேயர். இருபத்தாறு வருடச் சேவையில் கால் அங்குலம் பிசகாதவர். "என் டேப்பும் ஒரு வீடும் ஒத்துப்போகலைன்னா, திருத்த வேண்டியது வீட்டைத்தான்" என்பார். சொல்லும்போது சிரிக்கவும் மாட்டார். அவர் இருந்தது ஊழியர் குடியிருப்பில். அதற்கு விதி பொருந்தாது என்று முதல் தீர்மானத்தின் கடைசி வரியிலேயே போட்டிருந்தார்கள்.

தெருக்காரர்கள் பழகிக்கொண்டார்கள். பீரோவை விற்றார்கள், கட்டிலை விற்றார்கள், வாசலில் பக்கவாட்டில் நுழையக் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் பொறுக்காமல் கடப்பாரையால் பக்கச் சுவரை இடித்தார். விதிப்படி நான்கு சுவர் இருந்தால்தான் வீடு. மூன்றாவது அடி விழுந்ததும் அது வீடு இல்லை என்றாகி, திறந்த வெளியில் அவரும் கடப்பாரையும் மட்டும் மிஞ்சினார்கள். நல்லவேளை, மனைவி பிள்ளைகள் குழாயடியில் இருந்தார்கள். அதன்பின் யாரும் கடப்பாரையைத் தொடவில்லை.

வழி கண்டுபிடித்தவர் இஸ்திரிக்காரர். ஐந்தாவது மாதக் கூட்டத்தன்று மணி அடித்த நேரத்தில் அவர் சுவரில் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். மற்ற மூன்று சுவர்களும் உள்ளே வந்தன. அந்தச் சுவர் மட்டும் வரவில்லை. விசாரிக்க வந்த சர்வேயரிடம், "சார், அரிச்சுது, சொறிஞ்சேன். அவ்வளவுதான்" என்றார். அடுத்த வியாழக்கிழமையிலிருந்து தெரு முழுக்க, ஆளுக்கு ஒரு சுவராக, கூட்டம் முடியும்வரை முதுகு கொடுத்து நின்றார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் எதிரெதிர்ச் சுவர்கள் வாய்த்த வீடுகளில் பேச்சுவார்த்தைகூடத் திரும்பியது.

சர்வேயருக்கு இதைப்போல் வேடிக்கை வேறில்லை. முதுகெலும்புச் சங்கம் என்று பெயர் வைத்தார். "சுவரை நீங்க தாங்குறீங்களா, சுவர் உங்களைத் தாங்குதா? சாயங்காலத்துக்குள்ள யோசிச்சு எழுதிக் குடுங்க" என்று வாசல்வாசலாகக் கேட்டார். சுவர் தீர்மானத்துக்குத்தான் கட்டுப்படும், சதைக்குக் கட்டுப்படாது என்றார். அப்புறம் அலுவலகம் போய், கூட்ட நேரத்தில் சுவரில் முதுகு வைப்பது பொதுப்பணிக்கு இடையூறு, மன்ற ஊழியரே செய்தால் பணிநீக்கம் என்று ஒரு விதியை வரைந்து கொடுத்தார். அதுவும் ஏகமனதாக நிறைவேறியது.

அந்தத் தெருவின் ஏழாவது வீட்டில் சர்வேயரின் தங்கை இருந்தாள். அவள் கணவர் மின்வாரிய லைன்மேன். ஏணி இல்லாமலே பாதி வேலை முடிப்பார் என்று சொல்லும் உயரம். இரண்டு மாதத்துக்கு முன்னால் மீதிப் பாதிக்கு ஏறிய இடத்தில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை வெளியே இரும்புக் கம்பி வைத்து, காலை மடக்கவே கூடாது, எழுந்து நிற்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுவந்தபோது வாசல் இரண்டடி இருந்தது. இப்போது பதின்மூன்று அங்குலம். வெளியே எடுக்க வழியில்லை. முதல் வாரத்திலேயே தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கலாம் என்று சர்வேயருக்குத் தெரியும். குடியிருப்பில் விருந்தாளி தங்க மூன்று பிரதி விண்ணப்பம் வேண்டும். அவர் இரண்டு பிரதி எழுதி வைத்திருந்தார்.

முன்னறை நாலேமுக்கால் அடிச் சதுரமானபோது, லைன்மேனை மூலைக்கு மூலை குறுக்கே படுக்கவைத்தார்கள். சமையலறை அதைவிடச் சின்னது. அந்த மாத நிகழ்ச்சிநிரலில் பொருள் எண் பதினேழு: பக்கத்துக்கு ஆறு அங்குலம் குறைப்பு. அதாவது சுவருக்கு மூன்று.

கூட்டத்துக்கு முந்தைய அளவை எடுக்க வியாழக்கிழமை பதினோரு மணிக்கு சர்வேயர் பக்கவாட்டில் நுழைந்தார். ஜன்னல் கட்டையில் தங்கையின் போன் இருந்தது. அதில் கூட்டம் நேரலையில் ஓடியது. பொருள் எண் பன்னிரண்டு, நீரூற்றுக்கு வண்ண விளக்கு. தங்கை கணவரின் முழங்கைக்கும் சுவருக்கும் இடையில் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, சுத்தி வளைக்காமச் சொல்லு. இன்னைக்குப் பாஸானா எவ்வளவு?"

"நாலேகால் அடி."

"மூலைக்கு மூலை?"

"ஆறடி."

"நான் ஆறடி ரெண்டு" என்றார் லைன்மேன் தரையிலிருந்து. "பள்ளிக்கூடத்துலயே போதும்டா வளர்ந்ததுன்னு சொன்னாங்க. கேக்கலை."

"நான் ஒரு சுவரைப் புடிச்சிட்டா?"

சர்வேயர் அளவுப் புத்தகத்தின் பின் அட்டையில் கணக்குப் போட்டார். "ஆறடி ரெண்டேகால்."

"அப்பப் போதுமே."

"கோடு போட்டாப் போதும். மாப்ள கோடு இல்லையே. மண்டை இருக்கு, பாதம் இருக்கு. மூலைக்குள்ள முழுசாப் போகாது. கம்பிதான் முதல்ல வளையும்."

"எனக்கு மண்டை இருக்குன்னு மச்சான் ஒத்துக்கிட்டதே இப்பத்தான்" என்றார் லைன்மேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் நெற்றி வியர்த்திருந்தது.

அக்கம்பக்கத்தில் ஆள் கேட்க முடியாது. எல்லா முதுகும் அந்தந்த வீட்டுச் சுவரில் இருந்தது. பதின்மூன்று போயிற்று. பதினாலு, பதினைந்து ஒத்திவைத்தார்கள். பதினாறில் தெருநாய்கள் வந்ததும் தங்கைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நாய்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சில கூட்டங்கள் அதிலேயே கலைந்திருக்கின்றன. ஓர் உறுப்பினர் தன்னைக் கடித்த நாயின் நிறத்தைச் சொன்னார். இன்னொருவர் அந்த நிறத்தில் அந்த வார்டில் நாயே கிடையாது என்றார். ஒன்றரை மணியாயிற்று. பசித்ததால் தலைவர் நாயை விட்டுவிட்டுப் பதினேழை எடுத்தார்.

"நீ கிளம்பு அண்ணா" என்றாள் தங்கை. "வெளிய நின்னு அளந்துக்கோ. உள்ள இருந்தா முதுகு குடுத்தவங்க லிஸ்ட்ல உன் பேரும் சேர்ந்து வரும்."

சர்வேயர் டேப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பினார். அதற்கு மாப்பிள்ளையின் காலைத் தாண்ட வேண்டும். கம்பியில் பட்டுவிடாமல் ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். போனில் எழுத்தர் தீர்மானத்தைப் படித்து முடித்தார். நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியாத அளவு. அன்று பதினோரு உறுப்பினர்களுக்குத் தாகம். தங்கை கண்ணை மூடிக்கொண்டு முதுகைச் சுவரில் அழுத்தினாள்.

சர்வேயர் வாசல் பக்கம் பார்த்தார். தாண்டி வைத்த காலைத் திரும்பத் தூக்கி இந்தப் பக்கமே வைத்தார். கணக்குப் போட்ட பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு எதிர்ச் சுவரில் முதுகைக் கொடுத்து, குதிகால்களைச் சுவரடியில் ஊன்றி, "நீ ஜன்னலை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லும்மா, அங்க பிடிமானம் இல்லை" என்றார், அலுவலகத்தில் உதவியாளரிடம் பேசும் அதே குரலில்.

மணி அடித்தது. முன்சுவரும் பின்சுவரும் மூன்று மூன்று அங்குலம் உள்ளே வந்தன. அவர் முதுகிலிருந்த சுவர் தோள்பட்டைகளில் ஏறி, ஒரு பெரிய மாடு சாய்வதுபோல் சாய்ந்து, சட்டையின் தையல் இரண்டு இடத்தில் விட்டுப்போகும்வரை தள்ளிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டது. கம்பி சுவரில் படவில்லை. லைன்மேன் தலையை அசைத்துப் பார்த்தார். "இடம் இருக்கு" என்றார். தங்கை அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மாதம் ஏழாவது வீட்டின் பிந்தைய அளவு பதிவாகவில்லை. அளக்க வேண்டியவருக்குச் சுவரை விட்டு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் தெரு அளவு முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எலும்பு ஒன்றுசேர இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் இன்னொரு கூட்டம் வந்தது. அந்த வியாழக்கிழமை அவர் சொந்த வேலை என்று அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பொருள் எண் ஒன்று தொடங்குவதற்கு முன்பே வந்து, செருப்பை வெளியே கழற்றி, பக்கவாட்டில் நுழைந்து, தன் சுவருக்குப் போய் நின்றுகொண்டார்.